எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று: ஆங்கிலம் பற்றி வாசகர் கேள்வி - பதில்

நான்காம் வகுப்பு மாணவனின் தாய், மன்னார்குடி: 'நைஃப்' என்று எழுத முதலில் 'கே' எதற்கு என்று மகன் கேட்கிறான். 'சைலன்ட் லெட்டர்' என்றால், 'பேசாத எழுத்தை ஏன் எழுத வேண்டும்?' என்கிறான். என்ன சொல்வது?

நல்ல கேள்வி. அந்தக் 'கே' ஒரு காலத்தில் எல்லோரும் உச்சரித்த எழுத்துதான் என்று சொல்லுங்கள். பழைய ஆங்கிலேயர்கள் 'க்னீஃப்' என்பது போலத்தான் சொன்னார்கள். ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில், ஆங்கிலேயர்கள் 'கே' போட்டு எழுதி 'நீ' என்று படிக்கும் முழங்காலுக்கு இன்றும் 'க்னீ' என்றுதான் பெயர், 'கே'யையும் சேர்த்தே சொல்கிறார்கள். இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் கேக்ஸ்டன் 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அப்போதிருந்து எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது. பேச்சு உறையவில்லை. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் 'கே' ஒலி நாக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது, தாளில் மட்டும் தங்கிவிட்டது.

எல்லா ஊமை எழுத்துக்கும் இதே கதை இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' வருகிறதே, அதை ஆங்கிலேயர்கள் என்றைக்குமே உச்சரித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் வந்தபோது 'பி' கிடையாது. பிற்காலத்தில் லத்தீன் படித்தவர்கள், மூலச் சொல் 'டெபிட்டும்' ஆயிற்றே என்று 'பி'யைச் செருகினார்கள். 'டவுட்' என்பதிலுள்ள 'பி' (b), ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்பதிலுள்ள 'பி' (p) எல்லாம் அப்படி வந்தவையே. 'ரிசீட்'டில் செருகியவர்கள், அதே லத்தீன் வேரிலிருந்து வந்த 'டிசீட்'டில் விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. தீவுக்கான 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது சொந்த ஆங்கிலச் சொல், 'எஸ்'ஸுக்கு அங்கே வேலையே இல்லை. லத்தீன் 'இன்சுலா'விலிருந்து வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து ஒட்டவைத்துவிட்டார்கள்.

மகனுக்குச் சொல்லித்தரும்போது ஊமை எழுத்துள்ள சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள். அந்த எழுத்து வாய்திறந்து பேசும் உறவுச் சொல்லைப் பக்கத்திலேயே எழுதவையுங்கள். 'சைன்' என்பதில் 'ஜி' பேசாது, 'சிக்னேச்சர்' என்பதில் பேசும். 'மஸில்' என்பதில் 'சி' பேசாது, 'மஸ்க்யுலர்' என்பதில் பேசும். 'ஹிம்' - 'ஹிம்னல்', 'டெட்' - 'டெபிட்', 'ரிசீட்' - 'ரிசெப்ஷன்' எல்லாம் இப்படித்தான். உறவுச் சொல் கிடைக்காத இடத்தில், எழுதும்போது மட்டும் மனதுக்குள் எழுத்துப்படி படிக்கச் சொல்லுங்கள். புதன்கிழமையை 'வெட்-நெஸ்-டே' என்று மனதில் சொல்லிக்கொண்டு எழுதும் பிள்ளை 'டி'யை விடாது. வாய்விட்டுப் படிக்கும்போது 'வென்ஸ்டே' தான்.

இன்னொன்றையும் இப்போதே திருத்திவிடுங்கள். நாம் 'ப்ளம்பர்' என்கிறோம், சரியானது 'ப்ளமர்'. சொல்லின் கடைசியில் 'எம்', 'பி' சேர்ந்து வந்தால் 'பி' ஒலிக்காது: கோம், லாம், தம், க்ளைம். அந்தச் சொல்லோடு 'இங்', 'அர்' சேர்த்தாலும் ஊமையாகவேதான் இருக்கும்: க்ளைமிங், பாமர். 'நம்பர்', 'மெம்பர்', 'டிம்பர்' போன்றவை வேறு. அங்கே 'அர்' பின்னால் வந்து ஒட்டிய விகுதி இல்லை, சொல்லே அதுதான். அதனால் 'பி' கேட்கும்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: ஓ-யு-ஜி-எச் என்ற நான்கெழுத்தை 'தோ', 'த்ரூ', 'காஃப்', 'ரஃப்', 'பவ்' என்று ஐந்து விதமாகப் படிக்கிறோம். ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்றே படிக்கலாம் என்று நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னாராமே?

இந்த 'ஃபிஷ்' விளையாட்டு 1855இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. ஷா பிறந்ததோ 1856இல். அவர் தலையில் யாரோ பிறகு ஏற்றிவைத்தது அது.

விளையாட்டும் சரியானது இல்லை. 'இனஃப்' என்ற சொல்லில் ஜி-எச்சுக்கு 'ஃப்' ஒலி உண்டு என்பார்கள். ஆனால் அந்த ஒலி சொல்லின் கடைசிப் பக்கம் மட்டுமே வரும். சொல்லின் முதலில் ஜி-எச் வந்தால் 'க்' என்றே ஒலிக்கும், 'கோஸ்ட்', 'கெட்டோ' போல. டி-ஐ என்பது 'ஷ்' ஆவதற்குப் பின்னால் இன்னொரு உயிரெழுத்து வேண்டும்: நேஷன், பேஷன்ட், பார்ஷியல். 'ஓ' எழுத்து 'இ' ஆவதோ 'விமன்' என்ற ஒரே சொல்லில். எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தால் ஆங்கிலத்தின் பாதிக் குழப்பம் தெளிந்துவிடும். இது நமக்குப் புதிதும் அல்ல. 'கடல்', 'தங்கம்', 'அகல்' மூன்றிலும் ஒரே 'க'தான், மூன்று இடத்தில் மூன்று ஒலி. யாரும் சொல்லித்தராமலே சரியாகப் படிக்கிறோம்.

ஓ-யு-ஜி-எச் விஷயத்துக்கு வருவோம். ஜி-எச் என்பது முன்பு தொண்டையில் உரசி வரும் ஒரு 'ஹ்' ஒலி. ஜெர்மானியர்கள் இரவை 'நாஹ்ட்' என்பார்களே, அந்த ஒலி. ஆங்கிலத்தில் அது சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாகப் பேசினார்கள். பொதுவழக்கு ஒரு சொல்லை இங்கிருந்தும் ஒரு சொல்லை அங்கிருந்தும் எடுத்துக்கொண்டது. எழுத்து மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே நின்றுவிட்டது.

நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. 'ஃப்' வரும் சொற்கள் கைவிரலில் அடங்கும்: காஃப், ட்ராஃப், ரஃப், டஃப், இனஃப். இதோடு 'லாஃப்', 'ட்ராஃப்ட்' என்ற ஏ-யு சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் 'டி' வந்தால் பெரும்பாலும் 'ஆட்': பாட், ப்ராட், தாட், ஃபாட், சாட். வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' ஒன்றுதான் இதில் சேராது. ஐ-ஜி-எச்-டி என்று முடிந்தால் கவலையே வேண்டாம், 'ஐட்' தான். முன்னால் 'இ' வந்தால் 'வெயிட்', 'எயிட்' என்று மாறும், அதிலும் 'ஹைட்' தனி.

அலுவலக உதவியாளர், கோயம்புத்தூர்: எம்.எல்.ஏ.வுக்கு முன்னால் 'ஏ' போடுவதா, 'ஆன்' போடுவதா? உயிரெழுத்துக்கு முன்னால்தானே 'ஆன்'?

உயிர் எழுத்துக்கு அல்ல, உயிர் ஒலிக்கு. காதில் என்ன விழுகிறது என்பதே கணக்கு. 'எம்' என்று தொடங்குவதால் ஆன் எம்.எல்.ஏ. அதே காரணத்தால் ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எஸ்.ஐ., ஆன் என்.ஆர்.ஐ. மறுபுறம், 'யு' எழுத்தில் தொடங்கினாலும் 'ய' ஒலி மெய் ஒலி. அதனால் ஏ யுனிவர்சிட்டி, ஏ யூனிட், ஏ யூரோப்பியன், ஏ யு.பி.எஸ்.சி. எக்ஸாம். 'ஒன்' என்பது 'வ' ஒலியில் தொடங்குவதால் ஏ ஒன்-வே ரோடு. 'அம்ப்ரெல்லா' உயிர் ஒலி, ஆன்.

'எச்' ஊமையாகத் தொடங்கும் சொற்களில் அன்றாடம் வருபவை நான்கே: அவர், ஆனஸ்ட், ஆனர், ஏர். கடைசியது வாரிசைக் குறிப்பது. இவற்றுக்கும் இவற்றிலிருந்து பிறந்தவற்றுக்கும் 'ஆன்'. எச்.ஆர். மேனேஜருக்கு முன்னால் என்ன போடுவது என்று பலரும் தடுமாறுகிறார்கள். பேச்சில் 'ஹெச்' என்பவர் 'ஏ' சொல்வார், ஆனால் அந்த எழுத்தின் பொதுவழக்குப் பெயர் 'ஏச்'. அலுவலகக் கடிதத்தில் 'ஆன்' என்றே எழுதுங்கள்.

செவிலியர், மதுரை: நேர்முகத் தேர்வில் 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்று சொன்னதைத் திருத்தினார்கள். இ-டி என்று முடிந்தால் எப்படித்தான் படிப்பது?

மூன்றே வழி. வினைச்சொல் t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' என்று ஓர் அசை கூடும்: வான்டிட், நீடிட், அட்மிட்டிட். மற்ற எந்தச் சொல்லிலும் அசை கூடாது. கூட்டினால் அங்கேதான் பிழை.

மற்றவற்றில் தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். 'ம்ம்ம்' என்றால் அதிரும், 'ஸ்ஸ்ஸ்' என்றால் அதிராது. வினைச்சொல்லின் கடைசி ஒலி அதிராத ஒலியானால் (ப், க், ஃப், ஸ், ஷ், ச்), 'பட்டு' என்பதில் வரும் வல்லின 'ட்' சேரும்: வாக்ட், ஹெல்ப்ட், ட்ரெஸ்ட், வாஷ்ட், காஃப்ட். அதிரும் ஒலியானால் 'வண்டு' என்பதில் வரும் மெலிந்த 'ட்' சேரும். 'கால்', 'க்ளீன்', அதிரும் 'ஸ்' ஒலியில் முடியும் வினைச்சொல்லான 'அட்வைஸ்' எல்லாம் இந்த வகை.

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை, சொல் முடிந்ததும் நாக்கு தானாக ஓர் 'உ' சேர்த்துவிடுவது. 'வாக்டு', 'ஹெல்ப்டு' என்று வரும். வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழில் வழக்கமில்லாததால் வருவது இது. அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பழகினால் போய்விடும். 'ஹெல்ப்ட் ஆல்' என்பதை 'ஹெல்ப்-டால்' என்பது போல ஓடவிட்டுப் பத்து முறை சொல்லுங்கள்.

விதிவிலக்காகச் சில பெயரடைகள் உண்டு: நேக்கிட், விக்கிட், சேக்ரிட். 'கற்றறிந்த' என்ற பொருளில் 'லேர்னிட்'.

பன்மை 'எஸ்'ஸுக்கும் இதே விரல் சோதனைதான். 'கேட்ஸ்' என்பதில் சீறும் 'ஸ்', 'டாக்ஸ்' என்பதில் தேனீ ரீங்காரம் போல அதிரும் 'ஸ்'.

ராணுவ வீரரின் மகள், வேலூர்: கர்னல் என்ற பதவியை எழுதும்போது 'ஆர்' எங்கே போகிறது?

இத்தாலிய மொழியில் 'கொலொன்னெல்லோ', பிரெஞ்சில் அது 'கொரொனெல்' ஆனது. ஆங்கிலத்துக்கு இரண்டு வடிவமும் வந்தன. எழுத்தில் 'எல்' வடிவம் வென்றது, பேச்சில் 'ஆர்' வடிவம். 'பிஸி', புதைப்பதைக் குறிக்கும் 'பெரி' இரண்டையும் 'யு' போட்டு எழுதுவதும் இப்படித்தான். எழுத்து ஒரு வட்டாரத்தில் இருந்து, உச்சரிப்பு வேறு வட்டாரத்தில் இருந்து வந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்: 'அகர்ட்' என்பதில் 'ஆர்' இரட்டிக்கிறது, 'விசிட்டட்' என்பதில் 'டி' இரட்டிப்பதில்லை. 'ட்ராவல்ட்' என்பதை ஒரு 'எல்' போட்டும் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு எந்த விதியைச் சொல்வது, ஐயா?

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். சொல் ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடிந்து, அழுத்தமும் அந்தக் கடைசி அசையிலேயே விழுந்தால் மெய் இரட்டிக்கும்: அகர், ரிஃபர், பிகின், அட்மிட். அழுத்தம் முன்னால் விழுந்தால் இரட்டிக்காது: விசிட், ஓப்பன், பெனிஃபிட். இதைக் காட்ட 'ரிஃபர்' போல நல்ல சொல் வேறில்லை. 'ரிஃபர்ட்' என்னும்போது அழுத்தம் பின்னசையில், இரண்டு 'ஆர்'. 'ரெஃபரன்ஸ்' என்னும்போது அழுத்தம் முன்னே நகர்கிறது, ஒரே 'ஆர்'. ஓரசைச் சொற்களில் இரட்டிப்பு உயிரைக் குறுக்கிவைக்கும். தத்துவதை 'ஹாப்பிங்' என்று இரண்டு 'பி' போட்டு எழுதுகிறோம். ஒரு 'பி' போட்டால் அது நம்பிக்கையைக் குறிக்கும் 'ஹோப்பிங்' ஆகிவிடும்.

'எல்' மட்டும் பிரிட்டிஷ் வழக்கில் இந்த விதிக்குக் கட்டுப்படாது. ட்ராவல், கேன்சல், லேபல் எல்லாம் அழுத்தம் முன்னால் விழுந்தும் இரட்டிக்கும். அமெரிக்காவில் ஒரே 'எல்'. 'யு' இல்லாத 'கலர்', ஈ-ஆர் என்று முடியும் 'சென்டர்' போன்ற அமெரிக்க வடிவங்கள் நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதியால் நிலைபெற்றவை. 'கேன்சலேஷன்' மட்டும் அங்கும் இரண்டு 'எல்' தான். இலங்கையிலும் இந்தியாவிலும் பள்ளியில் எழுதுவது பிரிட்டிஷ் வழக்கு. கணினியில் மொழித் தேர்வு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் சரியான சொல்லின் கீழும் சிவப்புக் கோடு விழும், பிள்ளைகள் அதைப் பார்த்து மாற்றிவிடுவார்கள். முதலில் அந்த அமைப்பை மாற்றுங்கள். இரண்டு வழக்கும் சரியே, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

குடும்பத் தலைவி, காரைக்குடி: 'ஃபுட்' பன்மையில் 'ஃபீட்' ஆகிறது. 'புக்' ஏன் 'பீக்' ஆகவில்லை?

ஆகித்தான் இருந்தது! பழைய ஆங்கிலத்தில் புத்தகம் 'போக்', பன்மை 'பேச்'. அந்தக் காலத்துக்கும் முன்பு பன்மை விகுதியில் ஓர் 'இ' ஒலி இருந்தது. அது முன்னால் நின்ற உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டு, தான் மறைந்துபோனது. கால், பல், வாத்து, எலி, ஆண் போன்ற அடிக்கடி புழங்கும் சில சொற்களில் அந்த மாற்றம் தப்பிப் பிழைத்தது. மற்றவை 'எஸ்' போட்டுக்கொண்டன. 'மூஸ்' என்ற வட அமெரிக்க மான் பழங்குடி மொழியிலிருந்து பின்னால் வந்த சொல். அதனால் அது 'கூஸ் - கீஸ்' வழியில் போகவே இல்லை, பன்மையிலும் 'மூஸ்' தான்.

கூட்டுறவுச் சங்க எழுத்தர், தேனி: லோன் 'சேங்ஷன்' ஆனது என்கிறோம். செய்தியிலோ ஒரு நாட்டின் மீது 'சேங்ஷன்' விதித்தார்கள் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. லத்தீனில் ஒன்றைச் சட்டமாக்கி உறுதிசெய்வதைக் குறித்த வேர் இது. உறுதிசெய்வது ஒப்புதலும் ஆகலாம், மீறினால் தண்டனையும் ஆகலாம். கடன், விடுப்பு, செலவு ஆகியவற்றோடு வந்தால் ஒப்புதல். பன்மையில் 'சேங்ஷன்ஸ்' என்று ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ பற்றி வந்தால் தடை. ஓர் ஆளைப் பற்றி 'ஹி வாஸ் சேங்ஷன்ட்' என்று எழுதினால் அவர் தண்டிக்கப்பட்டார் என்றே படிப்பார்கள். உங்கள் கோப்பில் அவருடைய கடன் ஒப்புதலானது என்று சொல்ல 'லோன்' என்ற சொல்லை எழுவாயாக வையுங்கள், அல்லது 'அப்ரூவ்ட்' என்று போட்டுவிடுங்கள்.

கோப்புகளில் அடிக்கடி வரும் 'ஓவர்சைட்' என்ற சொல்லிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 'ஓவர்சைட் கமிட்டி' என்றால் மேற்பார்வைக் குழு, 'ட்யூ டு அன் ஓவர்சைட்' என்றால் கவனக்குறைவால் விட்டுப்போனது. மேற்பார்வை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சூப்பர்விஷன்' என்று எழுதிவிட்டால் தணிக்கையில் யாரும் வேறு பொருள் எடுக்க முடியாது.