பழைய சர்வரை அப்படியே ஆன் செய்யாதீர்கள்
மண்டபம் ஊரில் கரண்ட் போய் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வர் விழுந்து, ரெண்டு நாளாக மீன் கம்பெனி பில் எல்லாம் மதுரை ஸ்டாண்ட்பையில்தான் (மாற்றாக வைத்திருக்கும் நகல் சர்வரில்) ஏறுகிறது, பழையதைத் திரும்ப ஆன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே, ரெண்டும் பிரைமரியாக (முதன்மை சர்வராக) எழுத ஆரம்பித்தால் ஒரே நம்பரில் ரெண்டு பில் நிற்கும். முதலில் பழைய சர்வரின் டேட்டா டைரக்டரியை (டேட்டாபேஸ் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை) நகல் எடுத்து வையுங்கள், மதுரைக்குப் போய்ச் சேராத கடைசி சில பில்கள் அதில் மட்டும்தான் இருக்கும். அப்புறம் பிஜி_ரீவைண்ட் ஓட்டுங்கள், பழையதில் மாறுபட்ட பகுதியை மட்டும் மதுரையோடு ஒத்துப்போக வைக்கும் கருவி அது. செக்சம், வால்_லாக்_ஹின்ட்ஸ் என்ற செட்டிங்குகளில் ஒன்றாவது முன்பே ஆன் ஆகியிருந்தால்தான் அது ஓடும், இல்லையென்றால் மதுரையிலிருந்து முழு டேட்டாவையும் புதிதாக நகல் எடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப்தான், நம்ம பக்கம் நெட் இருக்கிற லட்சணத்துக்கு அதை ராத்திரியில் போடுங்கள். பழையதை ஸ்டாண்ட்பையாக ஏற்றி, லேக் (மதுரையைவிடப் பின்தங்கியிருக்கும் இடைவெளி) தீர்ந்ததும், விசைப்படகு கரைக்கு வராத நாளாகப் பார்த்து மதுரையை முறையாக நிறுத்திவிட்டு மண்டபத்தை புரமோட் செய்யுங்கள், அதாவது பிரைமரியாக உயர்த்துங்கள். மதுரையை உடனே ஸ்டாண்ட்பையாகத் திருப்புங்கள், நான் அதை மறந்து ஒரு வாரம் ஒற்றை சர்வரில் ஓட்டியிருக்கிறேன்.