வெஸ்ட்மின்ஸ்டரின் ஷெர்லி போர்ட்டர்: வீடுகள், வாக்குகள், தண்டத்தீர்வை – கேள்வி பதில்

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர மன்றத்தின் முன்னாள் தலைவர் ஷெர்லி போர்ட்டர், தம் கட்சியின் தேர்தல் ஆதாயத்துக்காக மன்றத்துக்குச் சொந்தமான வீடுகளை விற்கச் செய்தது பற்றிய வழக்கை, பணியில் இருந்த காலத்திலிருந்தே தொடர்ந்து படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் அறிவுக்கு எட்டியவரை விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு): இவர் யார்? மேயரா?

பதில்: 1930இல் பிறந்தவர், டெஸ்கோ அங்காடிகளைத் தோற்றுவித்த ஜாக் கோஹனின் மகள். 1974இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1983 முதல் 1991 வரை அதன் தலைவராக இருந்தார். அங்கே அதிகாரம் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரிடம் இருக்கிறது. லார்டு மேயர் என்பது ஓராண்டுக் காலச் சடங்குப் பதவி. அந்தப் பதவியையும் அவர் 1991-92இல் வகித்தார். தெருக்களின் தூய்மைக்காக அவர் நடத்திய இயக்கம் பாராட்டப்பட்டது என்பதையும், 1991இல் அவருக்கு டேம் பட்டம் வழங்கப்பட்டது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கேள்வி (திருச்சி): எவ்வளவு பணம் கையூட்டாக வாங்கினார்? எத்தனை ஆண்டு சிறையில் இருந்தார்?

பதில்: ஒரு பென்னிகூட வாங்கியதாகக் குற்றச்சாட்டே இல்லை. சிறைக்கும் செல்லவில்லை, ஏனெனில் இது குற்றவியல் வழக்கு அன்று. பொதுப் பணத்துக்கு வேண்டுமென்றே இழப்பு ஏற்படுத்திய உறுப்பினர், அந்த இழப்பைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் கூறியது. நம் கூட்டுறவுத் துறையினர் தண்டத்தீர்வை என்று சொல்வது இதைத்தான். இதில் பண ஊழல் இல்லை, யாரும் இலஞ்சம் பெறவில்லை, ஆயினும் இது அரசியல் ஊழல் பற்றிய வழக்குதான் என்று, வழக்கை இறுதியாக விசாரித்த பிரபுக்கள் சபையின் (அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்) நீதிபதி ஸ்காட் பிரபு தம் தீர்ப்புரையின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார்.

கேள்வி (மதுரை, சட்ட மாணவர்): மன்றத்து வீடுகளைக் குடியிருப்போருக்கு விற்க வேண்டும் என்று தாட்சர் அரசே சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி விற்றவரை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

பதில்: இந்த வழக்கைப் பற்றிப் பேசுவோரில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இரண்டு விற்பனைகளை ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். 1980ஆம் ஆண்டின் சட்டம், வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அதே வீட்டை வாங்கும் உரிமையைத் தந்தது; அங்கே முடிவு குடியிருப்பவருடையது. வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்தது வேறு. சில கட்டடங்களை 'விற்பனைக்கு உரியவை' என்று மன்றம் முன்கூட்டியே குறித்து வைத்தது. அவற்றில் ஒரு வீடு காலியானால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு அதை வாடகைக்கு விடாமல், சலுகை விலையில் விற்றது. விற்கும்வரை காலி வீடுகளில் யாரும் புகுந்துவிடாதபடி இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன.

இப்படி விற்கும் அதிகாரமும் சட்டத்தில் இருந்தது. எந்த நோக்கத்துக்காக அந்த அதிகாரம் கையாளப்பட்டது என்பதே வழக்கின் கேள்வி. 1986 தேர்தலில் 60 இடங்களில் 32 மட்டுமே போர்ட்டரின் கட்சிக்குக் கிடைத்தன. கேவண்டிஷ் வார்டில் இன்னும் 106 வாக்குகள் மாறியிருந்தால் மன்றமே தொழிற்கட்சியின் கைக்குப் போயிருக்கும். அந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான், 'நிலையான சமூகங்களைக் கட்டியெழுப்புதல்' என்ற அழகான பெயரைத் தாங்கிய கொள்கை. சிறு வாக்கு வேறுபாட்டில் வெற்றி தோல்வி அமையக்கூடிய எட்டு வார்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சொந்த வீடு உடையவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்கில், அந்த வார்டுகளில் சொந்த வீட்டுக்காரர்களைப் பெருக்குவதே திட்டத்தின் உயிர்நாடி. 1987 ஜூலையில் வீட்டுவசதிக் குழு இதற்கு ஒப்புதல் அளித்தது.

சட்டம் ஓர் அதிகாரத்தைத் தருவதும், அந்த அதிகாரத்தைச் சட்டப்படி பயன்படுத்துவதும் வேறு வேறு. தணிக்கையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் நான் முதல் நாளிலேயே இதைச் சொல்வது வழக்கம்.

கேள்வி (சென்னை): வாக்குகளைப் பற்றி நினைக்காத அரசியல்வாதி உலகில் உண்டா? இப்படிப் பார்த்தால் எல்லோரும் குற்றவாளிகள்தானே?

பதில்: இதை நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தம் செயல்களுக்காக மக்கள் தம்மையும் தம் கட்சியையும் ஆதரிக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு என்பதை அதே சபையின் மற்றொரு நீதிபதி பிங்ஹாம் பிரபு வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். ஒரு வீட்டுவசதிக் கொள்கையை வகுத்து, அதனால் வாக்கும் கிடைக்கும் என்று நம்புவது குற்றமாகாது. பொது அதிகாரத்தை, அது எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கத்தை விட்டுவிட்டுக் கட்சியின் தேர்தல் ஆதாயத்துக்காகவே செலுத்துவதுதான் குற்றம். வீட்டுத் தேவையின் அடிப்படையில் எட்டு வார்டுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த வழக்கு எழுந்திருக்கவே முடியாது.

கேள்வி (கோவை): வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்ட பிறகுதானே செய்தார்? நல்லெண்ணம் இருந்தது என்றுதானே பொருள்?

பதில்: கருத்துக் கேட்டார்கள் என்பது உண்மை, கேட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட எட்டு வார்டுகளில் மட்டும் ஆண்டுக்கு 250 வீடுகளை விற்பதே முதல் எண்ணம். அது சட்டத்துக்கு முரணாகும் என்று மூத்த வழக்கறிஞர் 1987 மே மாதத்தில் எச்சரித்தார். உடனே திட்டம் மாநகரம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டு, இலக்கு 500 ஆக உயர்த்தப்பட்டது. எட்டு வார்டுகளின் 250 கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாக்கப்பட்டது. விற்பனைக்கெனக் குறிக்கப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 74 அதே எட்டு வார்டுகளில் இருந்தன. செய்வது தவறு என்று தெரிந்தபின் அதற்குப் போர்வை போர்த்தியதை நல்லெண்ணம் என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதமாட்டார்.

கேள்வி (தூத்துக்குடி): இதனால் யாருக்கு என்ன நட்டம்? வீடு வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத்தானே இருந்திருப்பார்கள்?

பதில்: வாங்கியவர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் வீடற்ற குடும்பங்களுக்குத் தங்குமிடம் தர வேண்டிய சட்டக் கடமை அதே மன்றத்துக்கு இருந்தது. விற்கப்பட்ட ஒவ்வொரு காலி வீடும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காமல் போன வீடு. அக்குடும்பங்கள் மலிவான விடுதி அறைகளில் மன்றத்தின் செலவில் காத்திருந்தன. 1989இல் வீடற்றோரில் சிலர் எல்ஜின் குடியிருப்பின் ஹெர்மீஸ் பாயிண்ட், சாண்ட்ரி பாயிண்ட் என்ற இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் குடிவைக்கப்பட்டனர். அக்கட்டடங்களில் உடல்நலத்துக்குத் தீங்கான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருப்பது மன்றத்துக்கு முன்பே தெரியும். வழக்கின் தொகைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர் இந்த இரண்டு கட்டடங்களைப் பற்றி ஒரு நிமிடமாவது பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி (நாகர்கோவில்): திட்டம் தேர்தலில் பலித்ததா?

பதில்: 1990இல் அவருடைய கட்சி 60இல் 45 இடங்களை வென்றது. அந்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரின் தலைவரி (வயது வந்த ஒவ்வொருவரும் மன்றத்துக்குக் கட்டிய வரி) 195 பவுண்டாக மிகக் குறைவாக இருந்தது. எனவே வீட்டு விற்பனையால் மட்டுமே வென்றார்கள் என்று சொல்ல இடமில்லை.

கேள்வி (சேலம்): கடைசியில் சிறைத் தண்டனை கிடைத்ததா?

பதில்: திருச்சி அன்பருக்கு எழுதிய விடையைப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வு பெற்ற தொழிற்சங்கத்தவர்): நீங்கள் போற்றும் இந்தத் தண்டத்தீர்வை ஏழைகளுக்காக நின்ற இடதுசாரிகளை நசுக்கப் பயன்பட்ட ஆயுதம். ஒரே ஒருமுறை பணக்காரர் மீது பாய்ந்ததால் அது நல்ல சட்டமாகிவிடுமா?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வரலாறு உண்மையானது, அதை மறுக்கமாட்டேன். கிழக்கு லண்டனின் பாப்லர் மன்றம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி தந்ததற்காகத் தணிக்கையாளர் அந்த மிகைச் செலவை உறுப்பினர்கள் தலையில் கட்டினார். 1925இல் பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. (1921இல் ஜார்ஜ் லான்ஸ்பரி உட்பட 30 பாப்லர் உறுப்பினர்கள் சிறை சென்றது, லண்டன் மாவட்ட மன்றத்துக்குரிய வரியை விதிக்க மறுத்து நீதிமன்ற ஆணையை மீறியதற்காக. அது தண்டத்தீர்வை அன்று. இரண்டையும் சேர்த்துப் பேசாதீர்கள்.) 1972இன் வாடகை உயர்வுச் சட்டத்தை ஏற்க மறுத்த கிளே கிராஸின் 11 உறுப்பினர்களும், 1985இல் வரி விதிப்பைத் தாமதித்த லிவர்பூல், லாம்பெத் உறுப்பினர்களும் இதே வலையில் சிக்கினர்.

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். பாப்லரும் கிளே கிராஸும் தாங்கள் செய்வதை மக்கள் முன் அறிவித்தே செய்தன. வெஸ்ட்மின்ஸ்டரோ உண்மை நோக்கத்தை மறைத்து வேறொரு நோக்கத்தை ஏட்டில் எழுதியது. முதலாவது, கொள்கைக்காகச் சட்டத்தை எதிர்த்து நிற்பது. இரண்டாவது, சட்டத்தின் பெயரால் மக்களை ஏமாற்றுவது. ஒரே சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைத்தது அதன் குறை என்பதை ஏற்கிறேன். அந்தக் குறைக்காகத் தராசையே உடைப்பதை ஏற்கமாட்டேன்.

கேள்வி (அதே அன்பர்): தராசு என்கிறீர்கள். விசாரித்தவர், குற்றம் சாட்டியவர், தீர்ப்புச் சொன்னவர் மூவரும் ஒரே தணிக்கையாளர்தானே? தொலைக்காட்சிக் கேமராக்களை வைத்துக்கொண்டு முடிவை அறிவித்தாரே, அது நீதியா?

பதில்: இந்தத் தொடரில் வந்தவற்றுள் இதுவே மிகக் கூர்மையான கேள்வி. தணிக்கையாளர் ஜான் மாகில், விசாரணை முடியும் முன்பே, 1994 ஜனவரியில் செய்தியாளர்களை அழைத்துத் தம் தற்காலிகக் கருத்தைக் கடுமையான சொற்களில் அறிவித்தார். அது தவறான முடிவு. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அறிக்கையை அஞ்சலில் அனுப்பிவிட்டு வாய் திறவாமல் இருந்திருப்பேன். பிரபுக்கள் சபையும் அதைச் சரியென்று சொல்லவில்லை. ஆனால், உண்மைகளை அறிந்த, நடுநிலையான ஒரு பார்வையாளர், இங்கே ஒருதலைச் சார்பு இருக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்று முடிவு செய்வாரா என்று கேட்டு, செய்யமாட்டார் என்று ஹோப் பிரபு விடை கண்டார். இன்று ஆங்கிலச் சட்டத்தில் ஒருதலைச் சார்பு பற்றிய எந்த வாதத்திலும் முதலில் எடுத்தாளப்படுவது இந்த அளவுகோல்தான்.

மூன்று வேலைகளையும் ஒருவரே பார்த்தார் என்பதற்கும் விடை உண்டு. இழப்புக்கு இன்னார் பொறுப்பு என்று தணிக்கையாளர் தரும் சான்றை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றால், அது முழு வழக்கையும் புதிதாக விசாரிக்கும். அப்படித்தான் நடந்தது. 1996இல் ஆறு பேர் மீது சுமத்தப்பட்ட ஏறத்தாழ 3 கோடியே 16 இலட்சம் பவுண்டு, 1997இல் போர்ட்டர், துணைத் தலைவர் டேவிட் வீக்ஸ் ஆகிய இருவர் மீது மட்டும் 2 கோடியே 65 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. மற்ற நால்வரும் விடுவிக்கப்பட்டனர். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருவரையும் விடுவித்தது. 2001 டிசம்பர் 13 அன்று பிரபுக்கள் சபை அதை மாற்றி, பொறுப்பை மீண்டும் நிலைநாட்டியது. இத்தனை படிகளில் ஏறி இறங்கிய ஒரு முடிவை ஒரு மனிதரின் விருப்பு வெறுப்பு என்று சொல்ல முடியாது.

இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம். காத்திருப்போர் பலர் இருக்கிறார்கள்.

கேள்வி (விழுப்புரம்): தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர்கள் மீதும் இப்படி நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: தனித் தொடருக்குரிய பொருள். உங்கள் மாவட்ட உள்ளாட்சி நிதித் தணிக்கை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (கொழும்பு): டவர் ஹாம்லெட்ஸ் மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் 2015இல் பதவி இழந்ததும் இதே சட்டத்தால்தானா?

பதில்: இல்லை. அது தேர்தல் நீதிமன்றத்தின் தீர்ப்பு. தேர்தல் முறைகேடுகளைப் பற்றியது. தேர்தல் சட்டம் தெரிந்தவரிடம் கேட்பதே முறை.

கேள்வி (பெங்களூரு): பெரும் செல்வந்தரின் மகளாயிற்றே, பணத்தைக் கட்டினாரா? அல்லது சிறை சென்றாரா?

பதில்: சிறையைப் பற்றி மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: செல்லவில்லை, அந்தக் கேள்வியே இங்கு எழவில்லை. பணத்தைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. 1994இலேயே அவர் இஸ்ரேலில் குடியேறியிருந்தார். வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்து தொகை 4 கோடிப் பவுண்டைத் தாண்டியபோது, தம்மிடம் உள்ள சொத்து 3 இலட்சம் பவுண்டு மட்டுமே என்றார். 2004இல் 1 கோடியே 23 இலட்சம் பவுண்டு செலுத்தி மன்றத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். மீதியை வெஸ்ட்மின்ஸ்டர் மக்கள்தாம் சுமந்தார்கள்.

கேள்வி (புதுச்சேரி): சுடுகாடுகளை விற்றார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. ஹான்வெல், மில் ஹில், கிழக்கு ஃபின்ச்லி ஆகிய மூன்று இடங்களில் இருந்த கல்லறைத் தோட்டங்களை, பராமரிப்புச் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, 1987இல் தலைக்கு 5 பென்னி வீதம் 15 பென்னிக்கு மன்றம் விற்றது. கல்லறைகள் புதர் மண்டியதைக் கண்டு உறவினர்கள் முறையிட்டனர். பின்னர் அவற்றைத் திரும்பப் பெற மன்றம் விற்ற விலையைப் போலப் பன்மடங்கு செலவிட நேர்ந்தது. ஏட்டில் சேமிப்பாகத் தெரிவது கணக்கில் இழப்பாக முடிவதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

கேள்வி (காரைக்குடி): இன்று ஒரு மன்றத் தலைவர் இதையே செய்தால் என்ன ஆகும்?

பதில்: அந்த முடிவை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். ஆனால் இழப்பை அவர் தம் பையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தண்டத்தீர்வையை எடுத்துவிட்டது. மாவட்டத் தணிக்கையாளர்களை நியமித்த தணிக்கை ஆணையமும் 2015 மார்ச்சில் மூடப்பட்டது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 1989இல் குடிமக்கள் சிலர் கணக்கின் மீது ஆட்சேபம் எழுப்பியதால்தான் மாகிலின் விசாரணையே தொடங்கியது. ஆட்சேபிக்கும் உரிமை இன்றும் இருக்கிறது, அதன் முடிவில் இருந்த பல்தான் பிடுங்கப்பட்டுவிட்டது.

கேள்வி (வேலூர்): யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

பதில்: 2009இல் வெஸ்ட்மின்ஸ்டரின் அப்போதைய தலைவர் காலின் பாரோ மன்றத்தின் சார்பில் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்தவர்.