கண்ணாடி, தோடு, பேருந்துப் பயணம்: 2,000 ரூபாய்க்குள் காது வலிக்காத ஹெட்போன் எப்படிப் பார்த்து வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது: அவிநாசியிலிருந்து கோவைக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறீர்கள். இயர்பட்ஸ் வைத்தால் காதுக்குள் அரிக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், காதில் தோடும் உண்டு. பையில் மடக்கி வைக்கிற மாதிரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டினாலும் காது வலிக்காத ஹெட்போன் 2,000 ரூபாய்க்குள் கிடைக்குமா?

கிடைக்கும்ங்க. ஆனால் "40 எம்எம் டிரைவர்" (டிரைவர் என்றால் உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கர்), "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 20 முதல் 20,000 என்பது மனிதக் காதுக்குக் கேட்கிற எல்லை. ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் அதையே அச்சடிக்கும். இந்த விலையில் ஒன்றுக்கொன்று ஒலியில் இருக்கிற வேறுபாடு, பேருந்து இரைச்சலில் பாதி காணாமல் போய்விடும். காதில் உட்காருகிற விதத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் எடை, பேடு (காதில் படுகிற மெத்தை), இறுக்கம் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் போடுகிற வேலையில் இருக்கிறேன். நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன், பக்கத்து ஹாலில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்போன் இல்லாமல் அங்கே கவனம் நிற்காது. நானும் கண்ணாடி போட்டவன். அதனால் இந்தக் கேள்விக்குப் பொறுமையாகவே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காது மடலில் கீழ்நுனி தவிர மற்றதெல்லாம் குருத்தெலும்பு. அதன் மேல் மெல்லிய தோல் மட்டும்தான், மெத்தைபோல் தாங்கச் சதை கிடையாது. காதின் மேலேயே உட்காருகிற ஹெட்போனை மாட்டினால், முன்பக்கம் பேடு அழுத்துகிறது, பின்பக்கம் கண்ணாடிக் காம்பு முட்டுக்கொடுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது மடலின் மேல்பகுதி. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமே தெரியாது. பதினைந்து, இருபது நிமிஷம் ஆனதும் அந்த இடம் சூடாகும், அப்புறம் விண் விண் என்று தெறிக்கும். கடையில் மாட்டிப் பார்த்து "சூப்பரா இருக்குதுங்க" என்று வாங்கியது, மறுநாள் பேருந்து கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் தொல்லை கொடுப்பது இதனால்தான். ஆகவே எங்கே மாட்டிப் பார்த்தாலும் இருபது நிமிஷம் கழற்றாமல் மாட்டிப் பாருங்கள். தினமும் போடுகிற அதே கண்ணாடி, அதே தோட்டோடு பாருங்கள். மாட்டிய வாக்கில் குனிந்து செருப்பை மாட்டுவதுபோல் ஒரு தடவை செய்யுங்கள். நழுவி விழுந்தால் பேருந்தில் ஆகாது.

"அப்படியென்றால் காதைச் சுற்றி உட்காருகிற பெரிய ஹெட்போன் வாங்கினால் என்ன?" என்று தோன்றும். நல்ல ஓவர் இயர் ஹெட்போன் காதைத் தொடாது, அது உண்மை. ஆனால் ஓவர் இயர் என்று போட்டு விற்கிற விலை குறைந்த பலவற்றில் பேடின் உள்வட்டம் காதைவிடச் சிறியது. பெரியவர்களின் காது மேலிருந்து கீழே ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இருக்கும். உள்வட்டம் நாலரை சென்டிமீட்டர் என்றால் அது சுற்றி உட்காராது, மடலின் ஓரத்தை மடக்கிக்கொண்டு உட்காரும். அது இன்னும் மோசமான வலி. பேடு ஆழமில்லை என்றால் உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் மூடியில் காது இடிக்கும். ஒரு தையல் டேப்பை எடுத்துப் போய் உள்வட்டத்தையும் ஆழத்தையும் அளந்துவிடுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். இதுபோக, சித்திரை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதைச் சுற்றி ரெக்சினை மூடிக்கொண்டால் வேர்வை வழியும். அது பையிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். வீட்டில் மேஜை முன்னால் உட்கார்ந்து கேட்பவர்களுக்குப் பெரியதை வாங்கச் சொல்வேன். உங்கள் பயணத்துக்கு எடை குறைந்த, மெதுவாகப் பிடிக்கிற, காதின் மேல் உட்காருகிற வகைதான் என் தேர்வு.

எடை விஷயத்தில் பழைய ஆட்கள் தெளிவாக இருந்திருக்கிறார்கள். 1979-ல் சோனி வாக்மேன் வந்தபோது அதோடு கொடுத்த ஹெட்போன் 50 கிராம் அளவுக்குத்தான் இருந்தது. மெல்லிய தகட்டு வளையம், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். நடந்துகொண்டே கேட்கலாம் என்ற எண்ணம் அந்த எடையால்தான் சாத்தியமானது. 1984-ல் அமெரிக்காவின் காஸ் கம்பெனி கொண்டுவந்த போர்ட்டா ப்ரோ இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் விற்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டை ஒட்டி இருக்கிற சின்ன நகர்த்தி. அதைத் தள்ளினால் அழுத்தத்தில் கொஞ்சம் காதை விட்டுத் தலைக்கு மாறும். வசதியைப் பற்றி யோசித்துச் செய்த பொருள். ஆனால் அது உங்கள் விலைக்கு மேல் போகும். திறந்த ஸ்பாஞ்ச் என்பதால் பேருந்துச் சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்கும் கேட்கும். வீட்டுக்கு அருமையான ஹெட்போன், அவிநாசி ரோட்டுக்கு ஒத்துவராது.

தோட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சம்சாரம், எங்கள் நங்கை, வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலை பார்க்கிறார். "காது நோகறதில்லீங்க தம்பி, பொறத்தால குத்துது" என்றார். அவர் ஹெட்போனைக் கையில் வாங்கிப் பார்த்தால் பேடு நன்றாகத்தான் இருந்தது. பேடின் கீழ் ஓரம் தோட்டை அழுத்த, பின்னால் இருக்கிற திருகாணி கழுத்துப் பக்கம் குத்தியிருக்கிறது. பேடைக் கொஞ்சம் மேலே ஏற்றி, காது மடலின் கீழ்நுனி வெளியே தெரிகிற மாதிரி மாட்டியதும் சரியாகிவிட்டது. பேடு சின்னதாக இருந்தால்தான் இது முடியும். பெரிய வட்டப் பேடு தோட்டையும் சேர்த்தே மூடும். கல் வைத்த தோடு, ஜிமிக்கி போடுகிறவர்கள் பேடு தோட்டுக்கு மேலேயே நின்றுவிடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது பேடு. இந்த விலையில் வருவது எல்லாம் ரெக்சின் மாதிரியான பொருள், தோல் கிடையாது. அடியில் துணி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. வேர்வையும் தலையில் தேய்க்கிற எண்ணெயும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு உரியும். கறுப்புக் கறுப்பாகக் காதிலும் சட்டைக் காலரிலும் ஒட்டும். இதற்கு எங்கள் ஊரில் கைவைத்தியம் இருக்கிறது: பனியன் துணி உறை.

சிங்கிள் ஜெர்சி என்கிற சாதா பனியன் துணி வேண்டாம். அதை வெட்டினால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், வட்டத்துக்கு அடங்காது. கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணியைக் கேளுங்கள். ரிப் சுருளாது, அகலவாக்கில் நன்றாக இழுபடும், விட்டால் பழைய அளவுக்கே வந்துவிடும். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் விற்கிற கடைகளில் கைப்பிடி துண்டு கிடைக்கும், தெரிந்தவர்கள் கம்பெனியில் இருந்தால் சும்மாவே கிடைக்கும். பேடின் குறுக்களவைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக வட்டம் வெட்டி, ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக்கை இழுத்து வைத்துத் தையுங்கள். நடுவில் ஓட்டை வெட்ட வேண்டாம், ஒலி துணி வழியாக வந்துவிடும். தடித்த துணி மட்டும் வேண்டாம். டீ ஷர்ட்டுக்குப் போடுகிற 160, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு) அளவே போதும். அதைவிடக் கனமாகப் போனால் கீச்சுக் குரல்கள் மங்கிப்போகும். முழுப் பருத்தியாக இருந்தால் வேர்வையை உறிஞ்சும், ஆனால் காய நேரமாகும். அதனால் இரண்டு ஜோடி தைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். தோல் தொடுவது துணியைத்தான் என்பதால் பேடும் நாள்படும், காதும் புழுங்காது. அதையும் மீறிப் பேடு கிழிந்தால் தனியாகப் பேடு மட்டும் வாங்கி மாட்டலாம். பழைய பேடின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொண்டு தேடினால் போதும். பேடைக் கழற்றவே முடியாதபடி ஒட்டியிருக்கிற ஹெட்போனை நான் யாரையும் வாங்க விடுவதில்லை.

இறுக்கத்துக்கு வருவோம். புது ஹெட்போன் கொஞ்சம் இறுக்கத்தான் செய்யும். உங்கள் தலையைவிட ஒரு விரல்கடை அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஹெட்போனை மாட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மாட்டிப் பார்த்துப் போதவில்லை என்றால் இன்னொரு ராத்திரி. வளையத்தைக் கையால் வளைக்காதீர்கள், பிளாஸ்டிக் என்றால் பட்டென்று முறியும். முழுக்கத் தளர்ந்துபோகவும் விடக் கூடாது. பேடு காதில் படிந்து மூடினால்தான் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் கேட்கும். இடைவெளி விழுந்தால் மிருதங்கத்தில் தொப்பி என்கிற கனத்த பக்கம் போய் வலந்தலை என்கிற வலது பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி ஆகிவிடும். உடனே கை தானாக வால்யூமைக் கூட்டும்.

அந்த வால்யூமைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. சத்தம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்குப் போனால் அதே காதுக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்தில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் 90-ஐத் தொடுவது பெரிய காரியமே இல்லை. இறங்கியதும் காதுக்குள் ‘ஙொய்’ என்று ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஹோப் காலேஜ், லட்சுமி மில்ஸ் பக்கம் இறங்கி ரோட்டைக் கடக்கும்போது ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிடுங்கள். இன்னொன்று, சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலை பார்க்கிற பையன்கள் ஹெட்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு தறி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தறிச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அங்கே போட வேண்டியது சத்தத்தைத் தடுக்கிற காதுமூடி. பாட்டு கேட்கிற ஹெட்போன் அந்த வேலையைச் செய்யாது. உங்கள் வீட்டில் தறி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஒயரா, புளூடூத்தா? ஒரே விலையில் ஒயர் ஹெட்போன் எடை குறைவு, சார்ஜ் கவலை இல்லை, பேட்டரி செத்துப்போய்த் தூக்கிப்போட வேண்டியதும் இல்லை. கூட்டப் பேருந்தில் ஒயர் யார் பையிலாவது மாட்டும், அது ஒன்றுதான் தொல்லை. சட்டைக்குள் அல்லது துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டால் தீர்ந்தது. நின்றுகொண்டே போகிற நாள்தான் அதிகம் என்றால் புளூடூத் வாங்குங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால், ஒயரில் சோனி இசட்எக்ஸ்110. ஒயரை விட்டுவிட்டால் 120 கிராம் எடை, பேடு சின்னது, தட்டையாகத் திருப்பிப் பையில் சொருகலாம். விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டியே இருக்கும். புதிதில் இறுக்கும், மேலே சொன்ன புத்தக வைத்தியம் இதற்குக் கட்டாயம். போன் பேச மைக் வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் ஏபி என்று சேர்ந்து வருகிற மாடலைக் கேட்டு வாங்குங்கள். புளூடூத்தில் சோனி டபிள்யூஎச்-சிஎச்520-ஐத்தான் சொல்வேன். 147 கிராம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் 50 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கம்பெனி, அதாவது உங்கள் பயணத்துக்கு வாரம் ஒரு தடவை சார்ஜ் போட்டாலே தாராளம். ஆனால் விலை உங்கள் 2,000-ஐத் தாண்டும். தீபாவளி ஆஃபரில் இறங்கும்போது பார்க்கலாம். அதில் ஒயர் சொருக இடம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2,000-க்குள்ளேயே புளூடூத் வேண்டுமென்றால் போட் ராக்கர்ஸ் 450 மாதிரியானவை இருக்கின்றன. அதில் ஒயரும் சொருகலாம். மாட்டிப் பார்த்துக் காதுக்கு ஒத்துவந்தால் மட்டும் எடுங்கள்.

காந்திபுரத்திலோ திருப்பூர் குமரன் ரோட்டிலோ டெமோ பீஸ் வைத்திருக்கிற கடையில் மாட்டிப் பார்ப்பது முதல் வழி. ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் போடும் முன் திருப்பி அனுப்பும் விதியைப் படியுங்கள். பழுது இருந்தால் வேறு பீஸ் தருவோம் என்று மட்டும் போட்டிருந்தால், காது வலிக்கிறது என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது.

அரிப்புக்கு ஒரு வார்த்தை. இயர்பட்ஸை நிறுத்திய பிறகும் அரித்தாலோ, நீர் வடிந்தாலோ காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பாருங்கள். எண்ணெய் விட்டு, பஞ்சுக்குச்சி விட்டுக் குடைய வேண்டாம்.

உங்கள் போனில் ஹெட்போன் சொருகுகிற ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் டைப்-சி இணைப்பான் ஒன்று தனியாக வாங்க வேண்டும், அதையும் 2,000-க்குள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன் மாடலைச் சொன்னால் எந்த இணைப்பான் ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.