கோலாப்பூர் ஷாஹுவும் 1902ஆம் ஆண்டு ஆணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இட ஒதுக்கீட்டின் வரலாறு குறித்து நண்பர்களுக்குள் நடந்த பேச்சில் கோலாப்பூர் மன்னர் ஷாஹுவின் பெயர் வந்தது. சிவாஜியின் பேரனான ஷாஹுவும் இவரும் ஒருவர்தானா என்ற குழப்பம் எனக்கு இருக்கிறது. கோலாப்பூர் அரசர்கள் சுவீகாரத்தில் வந்தவர்கள் என்பதால் அவர்களைச் சத்ரபதி வம்சம் என்பதே பொருந்தாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அரசுப் பணிக் காலியிடங்களில் பாதியைப் பிற்பட்டோருக்கு ஒதுக்கிய 1902ஆம் ஆண்டு ஆணையும், ஒரு புரோகிதர் தன்னைச் சூத்திரன் என்று சொன்னதற்காக மன்னர் தீர்த்துக்கொண்ட பழிதான் என்பது அவர் வாதம். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ம., திண்டுக்கல்

*

அன்புள்ள ம.,

இருவரும் வேறு வேறு மனிதர்கள். அவர்களுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி உண்டு. முதலாமவர் சம்பாஜியின் மகன், சதாராவில் இருந்து ஆண்டவர், பேஷ்வாக்கள் எனப்பட்ட முதன்மை அமைச்சர்களின் அதிகாரம் வளர்ந்தது அவர் காலத்தில்தான். 1749இல் மறைந்தார். உங்கள் பேச்சில் வந்தவர் 1874இல் பிறந்து, 1894 முதல் 1922 வரை கோலாப்பூரை ஆண்டவர்.

சதாரா, கோலாப்பூர் என்று இரண்டு அரியணைகள் ஏன் வந்தன என்பதற்கு நம் செஞ்சிக் கோட்டையிலிருந்தே தொடங்கலாம். சம்பாஜி 1689இல் கொல்லப்பட்ட பிறகு அவர் தம்பி ராஜாராம் தெற்கே தப்பி வந்து செஞ்சியில் இருந்தபடி, முகலாயரின் நீண்ட முற்றுகைக்கு இடையில் அரசை நடத்தினார். அங்கிருந்து தப்பி மகாராஷ்டிரம் திரும்பிய அவர் 1700இல் இறந்தபோது, அவர் மனைவி தாராபாய் தன் சிறு மகனை அரியணையில் அமர்த்தி, ஔரங்கசீப்புக்கு எதிரான போரை ஏழு ஆண்டுகள் தானே முன்னின்று நடத்தினார். 1707இல் ஔரங்கசீப் இறந்ததும் முகலாயர் தங்களிடம் சிறைப்பட்டிருந்த ஷாஹுவை விடுவித்தனர். அரசுரிமை யாருக்கு என்ற போட்டியில் ஷாஹு சதாராவைப் பிடித்தார். தாராபாய் பன்ஹாலாவை மையமாகக்கொண்டு தனி அரசை நிறுவினார். அதுவே கோலாப்பூர் சமஸ்தானத்தின் தொடக்கம். 1714இல் ராஜாராமின் இன்னொரு மனைவியான ராஜஸ்பாய் தாராபாயையும் அவர் மகனையும் சிறையிலிட்டுத் தன் மகன் சம்பாஜிக்குப் பட்டம் சூட்டினார். 1731இல் ஏற்பட்ட வார்ணா உடன்படிக்கை வார்ணா நதியை எல்லையாக வைத்து இரு அரசுகளையும் பிரித்தது.

சுவீகாரம் பற்றிய உங்கள் நண்பரின் செய்தி உண்மை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறு. 1760இல் அந்தச் சம்பாஜி வாரிசின்றி இறந்ததும் அவர் மனைவி ஜீஜாபாய் போன்ஸ்லே கிளைக் குடும்பத்திலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்து, அவர் பெயரில் 1773 வரை ஆண்டார். அன்றைய இந்து மரபில் தத்துப் பிள்ளை, பிறந்த பிள்ளைக்குச் சமமான உரிமை பெற்றவர். இதை ஏற்க மறுத்தவர் அன்றைய ஆங்கிலத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி. 1848இல் சதாரா மன்னர் மரணத் தறுவாயில் எடுத்த தத்தைச் செல்லாது என்று சொல்லித்தான் அவர் அந்த அரசைக் கம்பெனி ஆட்சியோடு இணைத்தார். உங்கள் நண்பர் தன்னை அறியாமல் டல்ஹௌசியின் வாதத்தைத் திரும்பச் சொல்கிறார். 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கில அரசு தத்துரிமையை ஏற்றுக்கொண்டதால் கோலாப்பூருக்குச் சதாராவின் கதி நேரவில்லை.

அதன்பின் வந்த இரண்டு இளம் மன்னர்களின் முடிவு மனத்தை உறுத்துவது. 1866இல் தத்தெடுக்கப்பட்ட ராஜாராம் இங்கிலாந்து சென்று திரும்பும் வழியில், 1870 நவம்பரில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருபது வயதில் இறந்தார். முன்யோனே ஓடை ஆர்னோ நதியில் கலக்கும் இடத்தில் இந்து முறைப்படி அவர் உடலை எரித்தனர். அங்கே சிறிய மண்டபத்தின்கீழ் அவருடைய வண்ண மார்பளவுச் சிலை இன்றும் இருக்கிறது; அருகிலுள்ள பாலத்தையும் அந்த ஊர் மக்கள் ‘இந்தியர் பாலம்’ என்றே அழைக்கிறார்கள். அடுத்து வந்த நான்காம் சிவாஜி மனநிலை பிறழ்ந்தவர் என்று அறிவிக்கப்பட்டு அகமத்நகரில் காவலில் வைக்கப்பட்டார். 1883 டிசம்பரில், தன்னைக் காவல்காத்த ஆங்கிலச் சிப்பாயோடு ஏற்பட்ட கைகலப்பில் உயிரிழந்தார்.

அவருடைய விதவை ஆனந்திபாய் 1884 மார்ச்சில் தத்தெடுத்த, பத்து வயது நிரம்பாத சிறுவன்தான் நம் ஷாஹு. காகல் ஜாகீரின் காட்கே குடும்பத்தில் யஷ்வந்தராவ் என்ற பெயரில் பிறந்தவர். ராஜ்கோட்டிலும் தார்வாரிலும் ஆங்கிலேய ஆசிரியர்களிடம் படித்தவர். 1894 ஏப்ரலில் ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

இனி முக்கியமான கேள்வி. நண்பர் குறிப்பிடும் நிகழ்ச்சி நடந்தது 1899இல். கார்த்திகை மாதத்தில் மன்னர் பஞ்சகங்கை நதியில் நீராடியபோது புரோகிதர் வேத மந்திரங்களுக்குப் பதிலாகப் புராண மந்திரங்களைச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, சூத்திரர்க்கு வேத மந்திரம் இல்லை என்றார். சிவாஜியின் அரியணையில் இருப்பவரே சூத்திரர் என்றால் அவருடைய குடிகளின் நிலை என்ன? வேதோக்தப் பிணக்கு என்று பெயர் பெற்ற இந்தச் சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. ராஜபுரோகிதரின் மானிய நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. திலகர் புரோகிதர் பக்கம் நின்றார். இது மன்னரை ஆழமாகப் புண்படுத்தியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஷாஹு ஆட்சிக்கு வந்த 1894ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். பொது நிர்வாகத்தின் 71 பதவிகளில் 60 பிராமணர்களிடம் இருந்தன. எழுத்தர் பணியிடங்கள் 500இல் பிராமணர் அல்லாதார் பத்துப் பேர் மட்டுமே. இந்த நிலையைச் சரிசெய்யப் படித்த ஆட்கள் வேண்டும் என்பதால், ஆணைக்கு ஓராண்டு முன்னரே, 1901இல், நகரத்தில் தங்கிப் படிக்க வழியில்லாத மராத்தா மாணவர்களுக்கு விடுதி தொடங்கப்பட்டது. பின்னர் சமணர், முஸ்லிம்கள் எனப் பல சமூகங்களுக்கும், 1908இல் தீண்டத்தகாதவர் எனப்பட்ட மாணவர்களுக்கும் விடுதிகள் வந்தன. புரோகிதர்மீது கோபம் கொண்ட ஒருவர் அவருடைய மானியத்தைப் பறித்ததோடு நின்றிருக்கலாம். கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி கட்டிக்கொண்டிருக்க அவசியமில்லை.

ஆணையின் வாசகத்தையும் கவனிக்க வேண்டும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக மன்னர் இங்கிலாந்து சென்றிருந்த நாட்களில், 1902 ஜூலை 26 அன்று, அது சமஸ்தான அரசிதழில் வெளியானது. இனி ஏற்படும் காலியிடங்களில் 50 விழுக்காடு பிற்பட்ட வகுப்பினருக்கு. எந்த அலுவலகத்தில் அவர்களின் அளவு அதற்குக் குறைவாக இருக்கிறதோ அங்கே அடுத்த நியமனம் அவர்களுக்கே செல்ல வேண்டும். பிராமணர், பிரபு, ஷேண்வி சாதியினர், பார்சிகள் ஆகியோரையும் முன்னேறிய பிற வகுப்பினரையும் தவிர மற்ற அனைவரும் பிற்பட்டோர். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கடைசிப் பகுதி: ஒவ்வோர் அலுவலகத் தலைவரும் தம்மிடம் பணிபுரியும் இரு தரப்பினரின் விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்கு அறிக்கையாகத் தர வேண்டும். நல்ல ஆணைகள் பெரும்பாலும் கீழ்மட்டத்தில் கிடப்பில் போடப்பட்டுச் சாகும் என்பதை நிர்வாகத்தில் பழகியவர் அறிவார். அதை அறிந்த ஒருவர் எழுதிய ஆணை இது. அதன் பலன் 1912இல் தெரிந்தது. அப்போது 95 அதிகாரிகளில் பிராமணர் 35 பேர்.

பழி என்ற வாதம் பொருந்தாமல் போகும் இன்னோர் இடம் உண்டு. அரண்மனையில் வேலை செய்த கங்காராம் காம்பளே என்ற, தீண்டத்தகாதவர் எனப்பட்ட மஹார் சாதி இளைஞர் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காகச் சக ஊழியர்களால் கடுமையாக அடிக்கப்பட்டார். அடித்தவர்கள் புரோகிதர்கள் அல்லர், மன்னரின் சொந்தச் சிப்பந்திகள். ஷாஹு அவர்களைத் தண்டித்ததோடு கங்காராம் நகரத்தில் தேநீர்க் கடை வைக்க உதவினார். சாதி இந்துக்கள் அந்தக் கடைப் பக்கம் வராதபோது, மன்னர் தம் வண்டியை அதன் வாசலில் நிறுத்தித் தேநீர் வரவழைத்துக் குடித்தார். உடன் வந்தவர்களையும் குடிக்க வைத்தார். 1917இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி வந்தது. 1920 மார்ச்சில் மாண்காவ் ஊரில் அம்பேத்கர் தலைமையில் நடந்த மாநாட்டில், உங்களுக்கான தலைவரை நீங்கள் கண்டடைந்துவிட்டீர்கள் என்று அங்கே கூடியிருந்தவர்களிடம் ஷாஹு சொன்னார். அப்போது அம்பேத்கருக்கு வயது 28.

அவரை மக்களாட்சியாளர் என்று சொல்ல மாட்டேன். இவை அனைத்தும் ஒரு மன்னரின் விருப்பத்தால் ஆணைகளாக வந்தவை; முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்கு ஆள்சேர்த்துத் தந்தவரும் அவரே. அந்தக் கோணத்தில் அவரை விமரிசிப்பதற்கு நியாயம் இருக்கிறது. உங்கள் நண்பர் அதைச் சொல்லியிருந்தால் நான் அவரோடு பெரிதும் உடன்பட்டிருப்பேன். புரோகிதர் கதையை மட்டும் வைத்துக்கொண்டு பேசுபவரிடம், அந்த அறிக்கைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதற்காகக் கேட்கப்பட்டன என்று கேளுங்கள்.

அன்புடன்.