மெயின் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த்திங் இருக்கும்போது ஃபீடருக்குத் தனியாக எதற்கு?

சோலார் பிளான்ட்டின் ஃபீடர்களில் (இன்வெர்ட்டர்களிலிருந்து மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் லைன்கள்) எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மரை, அதாவது லைனுக்கு எர்த்துடன் தொடர்பு தருவதற்கென்றே வைப்பதை, எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செலவைக் குறைக்கச் சொல்லி மேலே யாரோ நெருக்குகிறார்கள் போல. மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் 33 கேவி நியூட்ரல் (மூன்று ஃபேஸும் சேரும் நடுப்புள்ளி) எர்த் ஆகியிருந்தால் போதாதா என்றால், ஃபீடர் பிரேக்கர் மூடியிருக்கும்வரை போதும்.

நான் ரிலே (கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கவைக்கும் கருவி) சோதனைக்குப் போன ஒரு பிளான்ட்டில் கேபிள் டெர்மினேஷன், அதாவது கேபிளின் முனை இணைப்பு, ஒன்று போய்விட்டது. ஒரு ஃபேஸ் எர்த்தைத் தொட்டுவிட்ட அந்த எர்த் ஃபால்ட்டை ரிலே ஒழுங்காகப் பிடித்து பிரேக்கரைத் திறந்தது. ஆனாலும் அந்த ஃபீடரின் கோடியில் இரண்டு சர்ஜ் அரெஸ்டர்கள் (மிகை வோல்டேஜிலிருந்து காப்பவை) வெடித்துக் கிடந்தன. மட்டமான சரக்கு என்று சப்ளை செய்தவரைக் கூப்பிட்டு ஏசிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, ஃபீடர் பக்கமும் பிடி (PT, வோல்டேஜை அளக்க உதவும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தது. ரெக்கார்டரைத் திறந்தால், ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸின் வோல்டேஜ் படுத்துக் கிடக்கிறது. பிரேக்கர் திறந்த கணத்தில் ஒய்யும் பியும் 19 கேவியிலிருந்து 33ஐத் தாண்டி ஏறுகின்றன.

பிரேக்கர் திறந்ததும் மெயின் நியூட்ரலுடன் ஃபீடருக்கு இருந்த தொடர்பு போயிற்று. இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் 33 கேவி பக்கம் டெல்டா (நியூட்ரல் இல்லாத இணைப்பு), அங்கேயும் எர்த் கிடையாது. இன்வெர்ட்டர்களோ உடனே நிற்பதில்லை. ஃபேஸ்களுக்கு இடையேயான லைன் வோல்டேஜ் மூன்றும் சமமாகவே இருப்பதால், இன்வெர்ட்டர் இருக்கும் எல்வி (குறைந்த வோல்டேஜ்) பக்கம் எர்த் ஃபால்ட் தெரியாது. ஃபால்ட் கரன்ட்டுக்குப் பாதையே இல்லாதபோது கரன்ட்டைப் பார்க்கும் ரிலே எதைப் பிடிக்கும்?

அதனால் பிரேக்கருக்கு இன்வெர்ட்டர் பக்கம் ஜிக்ஜாக் வகை எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். முடியாதென்றால் பிரேக்கர் திறப்பதற்கு முன்பே இன்வெர்ட்டர்களை நிறுத்தும் ட்ரிப் சிக்னல் வேண்டும். பிடி வழியாக மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் கூட்டிப் பார்க்கும் ஓப்பன் டெல்டா வோல்டேஜ் ரிலேயும் போடுங்கள். ஆனால் அது தகவல்தான் சொல்லும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தாது. பிடி மூன்று தனித்தனி யூனிட்டாகவோ ஐந்து லிம்ப் (இரும்புக் கோரின் தூண்) உள்ளதாகவோ இருக்கட்டும். மூன்று லிம்ப் பிடியில் அந்தக் கூட்டு வோல்டேஜ் கிடைக்காது.

'எங்கள் பிளான்ட்டில் இப்படி ஆனதே இல்லை' என்று சிலர் வருவார்கள். ஃபீடர் பக்கம் பிடி வைத்திருக்கிறீர்களா என்று அவர்களைக் கேளுங்கள். எல்லா டிசைனுக்கும் இதே விடை என்று நான் சொல்லவில்லை, கேபிள் நீளம், இன்வெர்ட்டர் செட்டிங் எல்லாம் பார்க்க வேண்டும்.