படித்தது மறக்கிறதா?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகனுக்குக் காலையில் சீனி பணிஸ், மாலையில் சோடா. உடம்பு பெருத்துவிட்டது, படிப்பதும் மனதில் நிற்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா, டொக்டர்?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: உண்டு, அம்மா. ஆனால் முதலில் ஒன்று: பிள்ளையை வீட்டில் யாரும் ‘தடியன்’ என்று அழைக்க வேண்டாம். எனக்கு அது பொறுக்காது.

புதிய நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். 2002இல் வெளியான லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வில், கொழுப்பும் சீனியும் மிகுந்த தீனியை இரண்டு மாதங்கள் தின்ற எலிகளுக்கு அங்கே நரம்பணுக்களைப் பேணும் ஒரு புரதம் குறைந்தது. இடத்தை நினைவில் வைத்துக் கற்கும் திறனும் மங்கியது. மனிதரில் எல்லாம் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அலட்சியம் செய்யாதீர்கள்.

சீனியை நாளுக்கு 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று கரண்டி போட்ட ஒரு பிளேன்டீயிலேயே அதில் பாதி போய்விடுகிறது! பணிஸுக்குப் பதில் அவித்த கடலை, தேங்காய்ச் சம்பல் கொடுங்கள். சோடா வேண்டவே வேண்டாம்.

இரவில் குறட்டை விடுகிறானா? உடல் பருத்த பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படலாம். மறுநாள் வகுப்பில் கவனம் நிற்காது. அப்படியிருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.