அங்கீகாரம் ‘வரப்போகிறது’ என்று சொன்னால்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் 2010 ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு நான் நின்றது நினைவுக்கு வந்தது. எம்எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ் (மருத்துவக் கதிரியக்கத்தின் இயற்பியல்), ஒரு வருட இன்டர்ன்ஷிப், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆர்எஸ்ஓ (கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி) அனுமதி, தஞ்சாவூரில் ஒன்றரை வருட லீனாக் (கதிர் சிகிச்சை மெஷின்) அனுபவம் என்று எல்லாம் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் இரண்டு இடத்தில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று இயற்பியல் துறையில் பிஎச்டி. கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு, ஆனால் கேம்பெப் (மெடிக்கல் பிசிக்ஸ் படிப்புகளைச் சரிபார்த்து ஏற்கும் அமைப்பு) அங்கீகாரம் “வரப்போகிறது” என்கிறார்கள். இன்னொன்று அங்கீகாரம் பெற்ற எம்எஸ். எல்லாச் செலவும் நம் கையிலிருந்து. எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர், சாப்பாடு, சம்பளம், கிரீன் கார்டு என்று நாலைந்து கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான்கு வருடம் அதில்தான் போனது.

“வரப்போகிறது” என்ற சொல்லை நம்பாதீர்கள். எனக்கும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள். நான் சேர்ந்த துறையின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல பேராசிரியர்கள், ஆய்வும் நல்ல ஆய்வுதான். ஆனால் நான் பிஎச்டி முடித்த 2015 வரைக்கும் அந்த அங்கீகாரம் வரவில்லை. இடையில் விதி இறுகிவிட்டது. இந்த நாட்டில் மருத்துவமனையில் பிசிசிஸ்ட்டாக வேலை பார்க்க அமெரிக்கன் போர்டு ஆஃப் ரேடியாலஜியின் சான்றிதழ்தான் கடவுச்சீட்டு மாதிரி. 2012 முதல் அந்தத் தேர்வுக்குப் போக கேம்பெப் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும் என்றார்கள். 2014 முதல் கேம்பெப் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியும் (மருத்துவமனையில் மேற்பார்வையோடு பெறும் பயிற்சி) வேண்டும் என்றார்கள். நம் ஊர் எம்எஸ்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீங்கள் எத்தனை நோயாளிக்குக் கதிர் சிகிச்சைப் பிளான் போட்டிருந்தாலும், அந்தக் கணக்கில் சேராது. ஆர்எஸ்ஓ அனுமதியும் அப்படித்தான். எனக்கு இது இன்றைக்கும் வருத்தம்தான். மதுரையில் இரண்டு வருடம் கோபால்ட் கதிர் சிகிச்சை மெஷினோடு நான் கற்றதைக் குறைத்து மதிப்பிட இவர்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் விதி விதிதான்.

அதனால் பட்டத்திலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடாதீர்கள், ரெசிடென்சியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ரெசிடென்சி இரண்டு வருடம், சம்பளத்தோடு. ஆய்வும் சேர்ந்த சில இடங்களில் மூன்று. அந்த இடத்துக்குள் நுழைவதுதான் உண்மையான கதவு; படிப்பை முடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் இல்லை. எனவே எந்தத் துறையிடமும் கேட்க வேண்டியது, உங்கள் மாணவர்கள் முடித்துவிட்டு எங்கே போனார்கள் என்பதைத்தான். இதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையை அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும் தன் தளத்தில் பொதுவில் போட வேண்டும் என்பது கேம்பெப் நிபந்தனை. ஐந்தாறு வருட எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரெசிடென்சி என்ற வரியில் எண் சிறிதாகவும் ‘பிற’ என்ற வரியில் பெரிதாகவும் இருந்தால் அந்த இடம் எப்படி என்று உங்களுக்கே புரிந்துவிடும். அங்கீகாரம் உண்டா என்பதையும் துறையின் விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாமல் கேம்பெப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

சரி, அங்கீகாரம் இல்லாத பிஎச்டியில் சேர்ந்தால் வழியே கிடையாதா என்றால், உண்டு. இயற்பியலிலோ அதை ஒட்டிய துறையிலோ பிஎச்டி முடித்தவர்களுக்கென்று கேம்பெப் அங்கீகாரத்தோடு ஒரு சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. கதிரியக்க இயற்பியல், டோசிமெட்ரி (கதிர் அளவீடு), கதிரியக்கப் பாதுகாப்பு, இமேஜிங், கதிர் உயிரியல், உடற்கூறு, கதிர் சிகிச்சை என்று அடிப்படைப் பாடங்களை மட்டும் படிக்க வேண்டும். நான் போனது அந்த வழியில்தான். பகலில் போஸ்ட்டாக் வேலை, மாலையில் வகுப்பு. ஏற்கெனவே மதுரையில் படித்து, பரீட்சை எழுதி, வேலையிலும் பயன்படுத்திய பாடங்களை முப்பது வயதுக்கு மேல் காசு கட்டி மறுபடி படித்தேன். முதல் வகுப்பில் அரை ஆயுட்காலம் என்றால் என்ன என்று ஆரம்பித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கே மூத்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் வந்த நம் ஆட்கள் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்பானவர்கள், பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு போடுவார்கள். அவர்கள் காலத்தில் ஏதோ ஒரு முதுகலைப் பட்டத்தோடு ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, மேலே இருக்கிறவரிடம் கற்றுக்கொண்டு, அப்புறம் போர்டு தேர்வு எழுதிவிடலாம். “நான் அப்படித்தான் வந்தேன், முதலில் வந்து சேரு, மற்றதைப் பார்த்துக்கலாம்” என்று எனக்குச் சொன்னவர் ஒருவர் அல்ல, மூன்று பேர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாங்கள் வந்த பாதை மூடப்பட்டதை அவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அறிவுரை சொல்கிறவர் எந்த வருடம் போர்டு எழுதினார் என்று முதலில் கேளுங்கள். 2014க்கு முந்தைய வருடம் என்றால் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், அறிவுரையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஐடி வேலையில் இருக்கும் அண்ணன்கள் இன்னொரு பக்கம். “மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிற வேலைக்கு பிஎச்டி எதற்கு, டேட்டா சயின்ஸுக்கு மாறிவிடு” என்பார்கள். என்னிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பார்கள். ஸ்கேன் எடுப்பது நம் வேலை இல்லை என்று விளக்கி விளக்கி நான் ஓய்ந்துபோனேன். ஒரு லீனாக்கிலிருந்து வரும் கதிரின் அளவு சரியா என்று கையெழுத்துப் போடுகிறவர் பிசிசிஸ்ட். அந்தக் கையெழுத்து தப்பானால், அன்று அந்த மெஷினில் படுக்கிற எல்லோருக்கும் கதிரின் அளவு தப்பாகும். இதற்கு மேல் அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மேட்ச் பற்றிச் சொல்கிறேன். ரெசிடென்சி இடங்களில் பெரும்பாலானவை 2015 முதல் மேட்ச் முறையில் நிரப்பப்படுகின்றன. டிசம்பர் வாக்கில் விண்ணப்பம், ஜனவரி பிப்ரவரியில் நேர்காணல், அப்புறம் நீங்கள் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அவர்களும் உங்களை வரிசைப்படுத்துவார்கள். மார்ச்சில் முடிவு. வரிசை போடும்போது ‘எங்கே கிடைக்க வாய்ப்பு அதிகமோ அதை மேலே போடு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்கு விண்ணப்பிப்பவரின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. முதல் வருடம் நான் தந்திரம் செய்வதாக நினைத்து வரிசையை மாற்றிப் போட்டேன். மொத்தமே மூன்று நேர்காணல்தான் கிடைத்திருந்தது. 2016 மார்ச்சில் இடம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தபோது இந்தியக் கடையின் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் முடிவு தள்ளிப்போயிருக்கிறது என்று பொய் சொன்னேன். வாங்கின பால் காரிலேயே உறைந்துபோனது.

விசா விஷயத்தில் ஒன்றே ஒன்று. எல்லா ரெசிடென்சியும் வெளிநாட்டவருக்கு விசா ஏற்பாடு செய்யாது. விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். உங்கள் படிப்பின் குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். இருந்தால் படிப்பு முடிந்தபின் ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) மொத்தம் 36 மாதம், இரண்டு வருட ரெசிடென்சி அதற்குள் அடங்கிவிடும். மற்ற விசா விவரத்துக்கு வழக்கறிஞரிடம் போங்கள். நான் சொல்வது நாளைக்கே மாறலாம்.

படிக்கும்போதே செய்ய வேண்டியவை இரண்டு. போர்டு தேர்வின் முதல் பகுதியை அங்கீகாரம் பெற்ற படிப்பில் இருக்கும்போதே எழுதலாம், அதை முடித்துவிட்டு ரெசிடென்சிக்கு விண்ணப்பியுங்கள். அடுத்து, மருத்துவமனைக்குள் கால் வையுங்கள். பல இடங்களில் மாலையில் நோயாளிக்கான கியூஏ (தரச் சரிபார்ப்பு) அளவீடுகளுக்கு மாணவர்களை உதவியாளராக எடுத்துக்கொள்கிறார்கள். காசு குறைவுதான். ஆனால் நேர்காணலில் ‘நான் அளந்தேன்’ என்று சொல்வதற்கும் ‘நான் படித்தேன்’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எதிரே இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இதில்தான் நம் ஊர் அனுபவம் கைகொடுக்கும். அதை மறைக்காதீர்கள். இரண்டாவது வருட நேர்காணல் ஒன்றில் கால்குலேட்டரும் ஒரு தாளும் கொடுத்து, பிளானிங் கணினி நின்றுபோனால் இந்த நோயாளிக்கு எவ்வளவு நேரம் கதிர் கொடுப்பாய் என்று கேட்டார்கள். மதுரையில் கோபால்ட் சோர்ஸ் மாதத்துக்கு ஏறக்குறைய 1.1 சதவீதம் தேயும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி சிகிச்சை நேர அட்டவணையைக் கையால் திருத்துவேன். சோர்ஸிலிருந்து 80 சென்டிமீட்டர் தூரம், உடலுக்குள் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கதிரின் உச்சம், எல்லாம் விரலில் இருந்தது. லீனாக்குக்கு எண்கள் வேறு, கணக்கு ஒன்றுதான். மூன்று நிமிடத்தில் முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு மேட்ச் ஆனது.

கைவிட வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. தெரியவில்லை, உதவி வேண்டும் என்று சொல்லத் தயங்குகிறோமே, அது. 2017 அக்டோபரில், ரெசிடென்சியின் நான்காவது மாதம், நோயாளிகள் எல்லாம் போனபின் லீனாக்கின் மாதாந்திர அவுட்புட், அதாவது அது தரும் கதிரின் அளவை, அளந்துகொண்டிருந்தேன். வித்தியாசத்துக்கு எல்லை 2 சதவீதம். எனக்கு 3 சதவீதத்துக்கும் மேலே குறைவாகக் காட்டியது. கதிரை அளக்கும் சேம்பரை மாற்றினேன், தண்ணீர் மட்டத்தைச் சரிபார்த்தேன், மூன்று முறை அளந்தேன், அதே எண். ஒன்றே கால் மணி நேரம் தனியாக வியர்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வீட்டில் இருந்த என் மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: காற்றழுத்தத்தை எங்கிருந்து எடுத்தாய்? சேம்பருக்குள் இருப்பது காற்று, அதனால் அளவை அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அறையின் பாரோமீட்டர் அளவுத்திருத்தத்துக்குப் போயிருந்ததால் போனில் வானிலைத் தளத்தைப் பார்த்துப் போட்டிருந்தேன். அந்தத் தளங்கள் தருவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். நாங்கள் இருந்த இடம் சுமார் 280 மீட்டர் உயரம். வித்தியாசம் ஏறக்குறைய அதே 3 சதவீதம். மெஷினில் ஒன்றுமே தப்பில்லை. அதை நம்பி அவுட்புட்டை ஏற்றியிருந்தால் மறுநாள் முதல் ஒவ்வொருவருக்கும் 3 சதவீதம் கூடுதல் கதிர் போயிருக்கும். தவறுக்காக அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே கால் மணி நேரம் கூப்பிடாமல் இருந்ததற்குத் திட்டினார். மதுரையில் பெரியவர்களை இரவில் தொந்தரவு செய்யக் கூடாது என்று பழகியவள் நான். இப்போது என்னிடம் வரும் ரெசிடென்ட்டுகளிடம் என் போன் எண்ணை முதல் நாளே எழுதிக் கொடுக்கிறேன். நம் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் இரண்டு முறை சொல்கிறேன்.

போர்டின் கடைசிப் பகுதி வாய்மொழித் தேர்வு. ஐந்து தேர்வாளர்கள், ஆளுக்கு ஐந்து கேள்விகள். எனக்கு முன் வந்தவர்கள் கெண்டக்கியில் லூயிவில்லுக்கு விமானம் ஏறிப் போய் ஹோட்டல் அறைகளில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். நான் 2021இல் வீட்டிலிருந்து கணினி முன் உட்கார்ந்து சொன்னேன். அழுத்தத் திருத்தம் பற்றி ஒருவர் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இன்றும் வரிவரியாகச் சொல்ல முடியும்.

உங்கள் மற்ற கேள்விகள்: குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள், அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கும். சம்பளக் கணக்கெடுப்பை ஏஏபிஎம் என்ற மெடிக்கல் பிசிசிஸ்ட்டுகள் சங்கம் ஆண்டுதோறும் எடுக்கிறது, உறுப்பினர் யாரிடமாவது கேளுங்கள். கிரீன் கார்டைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

இப்போது உங்கள் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள். கையில் இருக்கும் இந்த இரண்டில் மட்டும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எம்எஸ்தான். ஆனால் அப்பாவின் நிலத்தை அடகு வைத்து வரச் சொல்ல எனக்கு மனம் வராது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இந்த வருடம் இரண்டையும் விட்டுவிட்டு, தஞ்சாவூரில் அதே வேலையில் இருந்துகொண்டு, உதவித்தொகையும் கேம்பெப் அங்கீகாரமும் சேர்ந்த பிஎச்டி இடங்களுக்கு மட்டும் வரும் டிசம்பரில் விண்ணப்பிப்பது. ஒரு வருடம் போவது பெரிதாகத் தெரியும். எனக்குப் போனது நான்கு. உதவித்தொகை தருகிற பெரும்பாலான துறைகள் பதிலுக்கு ஏப்ரல் 15 வரை நேரம் கொடுக்கும். அதற்குள் அந்த எம்எஸ் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உதவியாளர் வேலை உண்டா, சென்ற ஐந்து வருடத்தில் எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்கு ரெசிடென்சி கிடைத்தது, இந்த இரண்டு கேள்வி மட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.